வலித்தல்

படகில் போகும் திசையைப் பார்ப்பவள் நான் ஒருத்திதான்.
துடுப்பு வலிக்கும் ஆறு பேரும்
முதுகு காட்டியே கரை சேர்கிறவர்கள்.
கடல் எனக்கு. நான் அவர்களுக்கு.
என் முழங்காலை இடிக்கும் தூரத்தில்,
முதல் பலகையில், ஸ்வெரியின் முகம்.

பகலில் மருந்துக் கடையில்
வெள்ளை அங்கி மாட்டியிருப்பவளும் நானே.
மாதம் ஒரு பெட்டி அவனுக்கு.
நாற்பது மில்லிகிராம், இரவில் ஒன்று.
பரோ தீவுகளில் மனிதரைவிட ஆடு அதிகம்.
"ஆட்டுக் கொழுப்புக்கும் எனக்கும் நடுவில்
நீ கட்டுற வேலி இது, ரான்வா" என்பான்.
அவன் அண்ணன் ரோய்
அக்டோபரில் மந்தையை இறக்கப் போனவன்
சரிவில் சற்று உட்கார்ந்தான்.
எழவில்லை. நாற்பத்தொன்பது வயது.
ஸ்வெரிக்கு இப்போது ஐம்பத்து மூன்று.

மே மாதம் அவன் வலித்தான்,
குதிகாலில் தொடங்கி இடுப்பு வழியே தோள் வரை.
ஜூனில் அவன் வலித்தான்; அவனுக்கு வலித்தது.
இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி,
ஈரக் கம்பளியைப் பிழிகிறாற்போல் என்றான்,
என்னிடம் அல்ல, பின்னால் இருந்த ஹெர்கேயிடம்.
நான் காற்றைக் கணிப்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

ஜூலையில் பெட்டி வாங்க வரவில்லை.
கடையில் தெரிந்ததைப் படகில் பேசக் கூடாது, சட்டம்.
படகில் தெரிந்ததைக் கடையில் பேசலாமா?
அதை யாரும் எழுதி வைக்கவில்லை.
"வலி!" என்று கூவினேன். "வலி! வலி!"
கடைசிக்கு முந்தைய படகாக வந்தோம்.

மறுநாள் காலை ரத்தம் எடுத்தார்கள்.
தசை உடைந்தால் ஏறும் எண், நாலு மடங்கு.
"பாத்தியா" என்று தாளை ஆட்டினான்.
பந்தயத்துக்கு மறுநாள் எந்தத் துடுப்பாளன் ரத்தத்திலும்
அந்த எண் ஏறித்தான் நிற்கும்.
சொன்னேன். அவன் கேட்கவில்லை.
"மாத்திரைய விட்டுட்டேன்" என்றான் பிறகு, மெதுவாக.
"விட்டும் வலிக்குது."

டோர்ஸ்ஹவ்னிலிருந்து வந்த மருத்துவர்தான் யோசனை சொன்னார்.
பெயர் ஒட்டாத குப்பிகள், மாதத்துக்கு ஒன்று.
சிலவற்றில் மருந்து, சிலவற்றில் வெறும் மாவு,
சில மாதம் காலிக் குப்பி.
இரவில் அவன் வலிக்கு ஒரு எண் எழுத வேண்டும்,
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்.
குப்பிகளை நிரப்பியது நான்.
எதில் எது என்று தெரிந்தவளும் நான் மட்டும்.

படகைத் தூக்கி வைத்துவிட்ட குளிர்காலம்.
பழைய மீன் கிடங்கில் இரும்பு எந்திரத்தில்
ஆறு பேரும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.
நான் போகவில்லை.
பத்து வருடமாய் அவன் முகத்தைப் படித்தவள் நான்.
அத்தனை வருடமும் அவனுக்கு எதிரே
என் முகமும் இருந்திருக்கிறது அல்லவா.

ஏப்ரலில் தாளை விரித்தோம்.
காலிக் குப்பி: இரண்டு, ஒன்று, இரண்டு.
மருந்து: ஆறு, ஏழு. பிப்ரவரியில் மட்டும் ஏனோ மூன்று.
மாவு: ஆறு, ஆறு.

அவன் மாவுக்கு நேரே இருந்த எண்ணின் மேல்
விரலை வைத்தபடி நின்றான்.
வெளியே சாரல், யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் திணறும் சத்தம்.
"அப்ப நான் பொய் சொன்னேனா?"
"இல்ல. வலிச்சது."
"எதுக்கு வலிச்சது?"
விழுங்கியதற்கு, என்று சொல்லியிருக்கலாம்.
ரோய் உட்கார்ந்த சரிவை
ஒவ்வொரு இரவும் தண்ணீரோடு விழுங்கியதற்கு.
சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது.
பிப்ரவரி மூன்றும் எனக்குப் புரியவில்லை.

இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.
பிறகு வந்து வேறு பெயரில், பாதி அளவில்
ஒரு பெட்டி வாங்கினான். சில்லறையைச் சரிபார்த்தான்.

இன்று படகை இறக்கினோம்.
தண்ணீர் ஐந்து டிகிரி. என் முழங்காலுக்கு எதிரே அவன்.
நான் எதுவும் கேட்கவில்லை.
என் முகத்தை ஒரு கணம் பார்த்தான்,
அதில் இனி ஒளிக்க ஒன்றுமில்லை.
"வலி" என்றேன்.
பின்னால் ஹெர்கேய் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினான்.
அவன் மாத்திரை எதுவும் தின்பதில்லை,
இதுவரை.