கணக்கில் வராத பதினொரு நிமிடம்

ஆனி மாதம். வெடியால நாலே முக்கால்.
கிருஷ்ணாம்பதிக் குளக்கரையில்
மேற்கே பார்த்து ஓடுகிறவன்
காற்றுக்குக் கடன் கட்டுகிறான்.
பாலக்காட்டுக் கணவாய்
யாரோ சாத்த மறந்த கதவு.
நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறது.
மதகைத் தொட்டுத் திரும்பினால்
அதே கை முதுகுக்கு வருகிறது.
"வாங்குனதுல பாதியத்தான் திருப்பித் தருது"
என்பாள் ஜமுனாராணி.
வங்கியில் நகைக்கடன் பிரிவு அவளுக்கு.

நான் கணபதியில் பம்ப்செட் ஷாஃப்ட் கடைகிறவன்.
தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும்
கழிவு இரும்புக்குப் போய்விடும்.
அந்தப் பழக்கம்தான் மணிக்கட்டில் இருக்கிறது கடிகாரமாக:
கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் நாற்பது,
இதயம் நூற்று ஐம்பத்திரண்டு.
"நாய் தொரத்துன மாதிரி எதுக்குங் ஓடறீங்?"
பால் வாங்கப் போகிறவர் கேட்பார்.
ஒருநாள் விடிந்த பிறகு பார்த்தேன்,
ஆகாயத்தாமரை விட்டுவைத்த நீர்வெளியில்
நாமக்கோழிகள்
தண்ணீர்மேல் தடதடவென ஓடி,
ஓடி,
அப்புறம்தான் பறந்தன.
அதிலிருந்து யாருக்கும் பதில் சொல்வதில்லை.

ஞாயிறு மட்டும் காட்டோரம்.
நரசிபுரத்துக்கு மேலே பாக்குத்தோப்பு முடிந்து
யானை அகழியை ஒட்டிப் போகும் மண்தடம்.
தார் ரோட்டில் முழங்கால் பேசும்;
இங்கே மண் பேசும், முழங்கால் கேட்கும்.
ஊஞ்ச மரமும் வெப்பாலையும்
இருட்டில் ஒரே நிறம்,
வாசம்தான் வேறு.
"அகழிக்கு அக்கட்ட போயிராதீங்,"
வனக்காவலர் மசையன் முந்தின வாரமே சொல்லியிருந்தார்.
"அதுக இக்கட்ட வந்தா?" என்றாள் ஜமுனா.
"வந்தா வந்ததுதானுங்."

நாலாவது கிலோமீட்டரில்
தடத்தின் நடுவே பிண்டம்.
ஆவி பறந்துகொண்டிருந்தது.
பாதி அரைபட்ட மூங்கில், ஒரு பலாக்கொட்டை முழுசாக.
ஜமுனா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.
நாங்கள் நின்றதும்
காடு நிற்கவில்லை.
அகழி சரிந்த இடத்தில்
இருட்டில் ஒரு துண்டு பெயர்ந்து இறங்கி
ஏறி
காதசைத்தது.
அதன் பின்னால் இன்னொன்று.
வயிற்றுக்குக் கீழே சின்னதாய் ஒன்று
சரிவில் சறுக்கி உட்கார்ந்துவிட்டது;
தும்பிக்கை வந்து தூக்கிவிடவில்லை,
காத்திருந்தது. அவ்வளவுதான்.
அது தானே எழுந்தது.

காற்று மேற்கிலிருந்து.
அவற்றின் வாசம் எங்களுக்கு வந்தது,
எங்கள் வியர்வை அவற்றுக்குப் போகவில்லை.
அன்றைக்குத்தான் கணவாய்
வட்டி கேட்காமல் கொடுத்தது.
ஏழு உருவம் என்றேன் பிற்பாடு.
எட்டு என்றாள்.
நகை எண்ணுகிற கண், அவள் சொன்னால் சரியாயிருக்கும்.

மசையனுக்கு போன் போட்டோம்.
அப்படியே பின்காலில் திரும்பி நடந்தோம்,
தோப்பு வரைக்கும் ஓடவில்லை.
ஓடாத அந்த ரெண்டரை கிலோமீட்டர்
நான் ஓடியதிலேயே நீளம்.

டவுனுக்கு வந்து
சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றும்போது
கடிகாரத்தைத் திறந்து காட்டினேன்.
நாங்கள் நின்றால் அதுவும் நின்றுகொள்ளும்,
அப்படித்தான் வைத்திருக்கிறேன்.
வரைபடத்தில் நீலக்கோடு நேராகப் போய்
நேராகவே திரும்பியிருந்தது.
திரும்பிய இடத்தில் புள்ளிகூட இல்லை.
மொத்த நேரத்தில் பதினொரு நிமிடம் குறைவு.

"பிழை," என்றேன், பட்டறை வாயில்.
ஜமுனா விரலில் ஒட்டிய பாலை நக்கிக்கொண்டே
"அதை அப்படியே விடுங்க," என்றாள்.
"அந்த நேரம் நம்முது இல்ல.
வர்ற ஞாயித்துக்கெழம குளமா, காடா?"

வெளியே காற்று
கடைப் பலகையை ஆட்டிக்கொண்டிருந்தது.
குளம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.