கரடிக்குக் கைரேகை

மண்டபத்தில் ஆட்டம் முடிந்து அரை மணி நேரமாயிற்று.
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு எதிரே
டானியேல் பேக்கரியில் இன்னும் முடியவில்லை.

'சனிக்கிழமைச் சளி' என்று பெயர் வைத்தவன் யாரோ.
மாதம் இரண்டு மேடை, எட்டுத் துணுக்கு நாடகம்,
எட்டும் புதுசு, டிக்கெட் எண்பது ரூபாய்.
மேடையில் ஒருவன் தும்மினால் தும்மியதுதான்,
வெட்டி ஒட்ட வழியில்லை.
விளக்குப் பலகையில் நான்.
வெளிச்சம் போடுகிறவள்மேல் வெளிச்சம் விழுவதில்லை,
அதனால் இந்தப் பெஞ்சில் என்னை ஒருவருக்கும் தெரியாது.

போஜராஜ் வர்க்கியை மேசையில் தட்டினார்.
"மொத வருஷம் எழுதினாங்க. இப்ப விக் வெக்கிறாங்க."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க,
அதுக்கு முந்தின வருஷத்தைக் காட்டி,"
என்றாள் மெர்ஸி.
ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி, இருபது நிமிஷம் பாக்கி.
"தபால்காரர் துணுக்குக்கு முன்வரிசையில
கைக்குட்டையால கண்ணைத் தொடச்சது யாரு?"

"சளி."

"டூரிஸ்ட் ஜோடி வழி கேட்டு ஏரியில விழறது?"
"மூணாவது தடவை. ஏரி ஊட்டியில இருக்கு,
சிரிப்பையும் அங்கேயே வெச்சுக்கட்டும்."

பிறகு எல்லோரும் கரடிக்கு வந்தார்கள்.
வராமல் எப்படி?

ரேஷன் கடைக்குக் கரடி வருகிறது.
பாமாயில் வேண்டும்.
கூட்டம் ஓடுகிறது, விற்பனையாளர் ஓடவில்லை:
"கார்டு சரி. கையை வை."
வைக்கிறது. மெஷின் எடுக்கவில்லை.
"வேற விரல்." வேறு விரல்.
"தொடச்சுட்டு வை." வயிற்றில் துடைத்துவிட்டு வைக்கிறது.
பத்தும் தீர்ந்து
கரடி காலைத் தூக்கிய நேரம்
விளக்கு அணைந்தது.

கும்மிருட்டு.
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:
"கரண்டும் போச்சு சாமி,
பழையபடி கதவையே ஒடைச்சுரு!"

கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள்.

"அது எழுதின வரி," என்றார் போஜராஜ்.
"ஆளை உட்கார வெச்சு சொல்ல வெச்சிருக்காங்க."
"கரண்ட் போறதுக்கு
இந்த ஊர்ல எழுத்தாளர் வேற வேணுமா?"
அருவங்காடு ஜெயசீலன், வெடிமருந்துத் தொழிற்சாலைப் பயிற்சியாளன்,
விரலில் எண்ணிக் காட்டினான்:
"இருட்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்புறம் குரல்.
எழுதாம அந்த மூணு வராதுங்க."

எனக்குத் தெரியும், எழுதியது அதுவல்ல.
தூக்கிய காலை இறக்க ஒரு வசனம் இருந்தது.
திவாகரன் மறந்துவிட்டான்.
ரோமத்துக்குள்ளிருந்து இரண்டு கண்கள்
என் பக்கம் திரும்பின, கிணற்றில் விழுந்தவன் மாதிரி.
மெயினை இறக்கினேன்.
அவ்வளவுதான் என் பங்கு.
அந்தக் குரல் எனக்கும் புதிது.

மூலையில் யோகராணி டீயை ஊதிக்கொண்டிருந்தார்.
டான்டீ லைன்வீடு, முப்பது வருஷக் கொழுந்து.
"எனக்கும் மூணு மாசமா ரேகை விழயில்ல," என்றார்.
"தேஞ்சு போச்சு. செடிதான் தின்னுருச்சு."
பெருவிரலை டியூப்லைட்டுக்குக் காட்டினார்.
கூழாங்கல் போல இருந்தது.

"பாத்தீங்களா, நடந்ததுதான்," என்றாள் மெர்ஸி,
"இதுல எழுத்து எங்க?"
"நடந்ததை வரிசையில நிக்க வெச்சாங்களே, அதான் எழுத்து,"
என்றார் போஜராஜ். சொன்ன பிறகுதான்
தான் குழுவைப் பாராட்டிவிட்டது அவருக்கு உறைத்தது.
"மத்த ஏழும் குப்பை," என்று சேர்த்துக்கொண்டார்.

கடைசி பஸ் உறுமியது.
யோகராணி முந்தானையால் தலையை மூடிக்கொண்டார்.
"எழுதினவனுக்கு நல்ல மூளைதான்,"
என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப்
பனிக்குள் இறங்கினார்.
பஸ் நகரப் பார்த்தது.

"கதவைத் தொற சாமி, வாறேன்!"

டீ கிளாஸ் என் கையிலேயே நின்றது.
ஒண்ணு, ரெண்டு, மூணு.
கதவு திறந்து மூடிய சத்தம்.

"எழுதினதுதான்," என்றார் போஜராஜ்.
மெர்ஸி கைப்பையை மாட்டிக்கொண்டு
மறுபடி உட்கார்ந்தாள்.