அடுத்தடுத்த எண்கள்

கடைக்காரர் சொன்ன விலைக்கு
என் காருக்கு நான்கு குளிர்கால டயர் வரும்.
ஆகவே கிச்சனரில், ஒரு டோனட் கடை வாசலில்,
மைனஸ் பதினெட்டில் நின்றேன்
பழைய மைக்குக்காக.

ஒன்றுதான் இருக்கிறது என்றாள் ஹெல்கா.
ஸ்டீரியோவுக்கு இரண்டு வேண்டுமே?
மற்றது குவெல்ஃபில், அவனிடம்.
வீடு, நாய், படகு எல்லாம் பிரித்த அன்று
இதையும் ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொண்டார்களாம்.
அறுபது டாலர். பேரம் பேச வாய் வரவில்லை.
வரிசை எண் 4417.

உப்புத் தூவிய நெடுஞ்சாலையில் அரைமணி நேரம்.
அவன் கதவைப் பாதிதான் திறந்தான்.
4418 ஒரு கம்பளிக் காலுறைக்குள் இருந்தது.
"எண்பது. அவளுக்கு எவ்வளவு கொடுத்தாய்?"
"எண்பது" என்றேன்.
உண்மையைச் சொல்லியிருந்தால் இருபது மிச்சம்.
ஏன் சொல்லவில்லை என்று
திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

ஜோடியைப் பொருத்தும் சட்டம் தனி விலை.
ரொட்டி வெட்டும் பலகையில் இரண்டு துளை போட்டேன்.
இடைவெளி பதினேழு சென்டிமீட்டர்,
என் சாணுக்கு இரண்டு விரல் குறைவு.
வால்கள் நெருங்க, முகங்கள் விலக,
நூற்றுப்பத்து பாகையில்
ஊடல் கொண்டவர்கள்போல்
ஆளுக்கொரு சுவரைப் பார்த்தன இரண்டும்.

நூலகத்தின் நிலவறைக் கூடம். நாற்பது நாற்காலி,
இருபத்தாறு பேர், கழற்ற மறுத்த குளிரங்கிகள்.
இடப்பக்கம் மயூரதியின் வயலின்.
வலப்பக்கம் துவாரகன்,
கஞ்சிராத் தோலில் தண்ணீர் தடவிக்கொண்டு.
ஹீட்டரை நிறுத்தச் சொன்னேன்.
நூலகர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
நிறுத்தினார்.

நள்ளிரவில் ஹெட்ஃபோன்.
கண்ணை மூடினால் அறை அப்படியே திறக்கிறது.
மூன்றாவது வரிசையில் யாரோ ஜிப்பை இழுக்கிறார்,
அது எந்த நாற்காலி என்றுகூடச் சொல்லிவிடலாம்.
ஆனால் கஞ்சிரா காத்திருக்கும் ஆலாபனையில்,
வயலின் ஒரு காந்தாரத்தில் தயங்கும் இடத்தில்,
வலக்காதில் மட்டும்
பக்கத்து வீட்டில் அப்பளம் பொரிகிற சத்தம்.
4418.

ஹெல்காவிடமிருந்து குறுஞ்செய்தி:
இரண்டும் ஒத்துப்போகிறதா?
ஒன்று கொஞ்சம் இரைகிறது என்று அனுப்பினேன்.
எது என்று அவள் கேட்கவில்லை.

வலப்பக்கத்தின் மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் இறக்கினேன்.
அப்பளம் அடங்கியது,
கூடவே கஞ்சிராவின் சலங்கையும்.
மறுபடி ஏற்றிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை தவில்.
அதற்கு இந்த நூற்றுநாற்பது டாலர்
தாராளமாகப் போதும்.