கை பொறுக்கும் சூடு

ஆறு பனிக்காலம்
என் கார் கண்ணாடியில் உறைபனி பிடித்ததே இல்லை.
சைப்ரஸ் மரத்தடியில் நிறுத்துவதால் என்று
நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.
குன்னூருக்குப் புதிதாய் வரும் அதிகாரிகளுக்கு
அதை யோசனையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

போன செவ்வாய், மரம் அங்கேயேதான் நின்றது.
கண்ணாடி உப்புப் பாளமாய் வெளுத்திருந்தது.
ஏழரைக்குக் கோத்தகிரி ஃபாக்டரியில் தணிக்கை.
கெட்டிலில் கொதித்ததை அப்படியே ஊற்றினேன்.
டிக்.
ஸ்டியரிங் பக்கம் தொடங்கி
வளைந்து வளைந்து ஏறியது விரிசல்,
பர்லியார் மலைப்பாதையை யாரோ வரைந்த மாதிரி.

'சேவணன் லீவுல்ல' என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.
மகளுக்குப் பிரசவம், நாலு நாள்.
அவர் கையிலும் ஒரு கெட்டில்.
இரவுக் காவல் முடிந்து ஐந்தரைக்கு
விறகடுப்பில் தண்ணீர் வைத்து
குவார்ட்டர்ஸின் ஒன்பது கார்களுக்கும் ஊற்றிவிட்டுத்தான்
அந்த மனிதர் வீட்டுக்குப் போயிருக்கிறார்.
யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை,
எந்த பட்ஜெட் தலைப்பிலும் அந்த விறகு இல்லை.
பட்ஜெட் எழுதுபவள் நான்.

அலுவலகத்தில்
பாராட்டுக் கடித மாதிரியைத் திறந்தேன்.
'தங்களின் அயராத அர்ப்பணிப்பு' என்று தொடங்கும்.
போன மார்ச்சில் இருநூற்றுப் பதினான்கு பேருக்குப்
பெயரை மட்டும் மாற்றி அனுப்பினோம்.
கையெழுத்துகூட ஸ்கேன்.
மூடிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுப் படியேறும்போதும்
தணிக்கை புத்தி விடவில்லை.
இங்கே எதிலெல்லாம் பனி பிடித்ததில்லை?

நான் எழும்போது கீசர் சூடாகவே இருந்திருக்கிறது.
மாத்திரை டப்பாவின் ஏழு அறையும்
திங்கள் காலை தானாக நிரம்பியிருக்கும்,
அமல்ராஜ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

பிறகு, கதவுகள்.
எங்கள் வீட்டில் கதவு சத்தம் போடாது.
கீலைத் தொட்டேன்.
குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய்,
விரல் பட்டதும் இளகியது.
'நீ போன்ல பேசுறப்ப கிறீச்னு வருமாம்,
ஜெனிதான் போட்டா' என்றார்.
ஒன்பது வயது.
எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை.
மீட்டிங் இல்லாத நாளிலும்
காலுறையோடுதான் நடக்கிறாள்.

இதற்கு நன்றி என்று சொல்லிவிட முடியாது.
வேறொரு சொல்,
நாக்கு நுனிக்கு வந்து அங்கேயே நிற்கிறது.

சனிக்கிழமை சேவணன் வந்தார்.
பேத்தி என்றார்.
விரிசலை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார்.
நான் என்னென்னவோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.
'கொதிக்கக் கூடாதும்மா,
கை பொறுக்குற சூடு போதும்.
சொல்லிட்டுப் போயிருக்கணும் நான்.'

'விறகுக்கு...' என்று ஆரம்பித்தேன்.
'பேர் வைக்கிற அன்னிக்கு வந்துருங்க' என்று
கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

கண்ணாடியை இன்னும் மாற்றவில்லை.
இன்றிரவு ஜெனியைக் கூப்பிட்டு
அறைக் கதவை ஒருதரம் ஓங்கிச் சாத்து என்றேன்.
அவள் அப்பாவைப் பார்த்தாள்.
பிறகு
என் கையில் போன் இருக்கிறதா என்று பார்த்தாள்.