பதினான்கு இலக்கம்

"மேடம், இந்த மாசத்து மழை மொத்தமும்
ஒரே ராத்திரியில பெஞ்சிருக்கு" என்றார்
நாகலூர் எஸ்டேட் கணக்கர் பெர்க்மான்ஸ்.
"அதுவும் நாங்க பெட்டியை மாட்டுறதுக்கு முன்னாடியே."

அவருக்குச் சிரிப்பு.
எனக்கு விளங்கிவிட்டது.

மலையில் ஒரு சில்வர் ஓக் கிளை
கம்பியில் சாய்ந்தால் போதும், கரண்ட் போய்விடும்.
திரும்பி வரும்போது மழைமானிப் பெட்டிக்கு
எழுபதாம் வருடம், ஜனவரி ஒன்று.
கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது.
நாற்பது ரூபாய் மிச்சம் என்று விட்டது நான்தான்.
கண் விழித்ததும் அது ஒரு ஃபைலைத் தேடும்.
ஒரே வரி. பதினான்கு இலக்கம்.
இமேஜ் கட்டி முடிந்த நொடி.
நான் எழுதவில்லை,
கட்டும்போது தானாக எழுதிக்கொண்டது.
இதற்கு முந்தி உலகம் இருந்திருக்காது என்று நம்பி
அங்கிருந்து எண்ணத் தொடங்கும்.

20231016211731

கிரீன்விச் கணக்கு. ஐந்தரை மணி கூட்டினால்
செவ்வாய், அதிகாலை இரண்டு நாற்பத்தேழு,
சூரமங்கலம்.
டாஸ்க் 4812. 4813.
பக்கத்து அறையில் நிறைமதி "அம்மா" என்றாள்.
"இதோ" என்றேன்.
அந்த இதோவுக்கு
முன்னூறு டாஸ்க் நீளம்.
முடிந்த பிறகு போய்த் தொட்டேன்.
நூற்று மூன்றரை.

இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே
கரண்ட் வரும்போதெல்லாம்
ஒரு பெட்டி அந்த நொடியில் விழிக்கிறது.
பனிக்குள் உட்கார்ந்து மழையை எண்ணுகிறது.
காய்ச்சல் இறங்கி, முன்பல் ஒன்று விழுந்து,
என் நாற்காலியில் அவள் சுற்றிக்கொண்டிருப்பது
அதற்குத் தெரியாது.

ஐந்தரை மணியைக் கூட்டாமல் படித்தால்
திங்கள் இரவு ஒன்பது பதினேழு.
அப்போது உப்புமாவை ஒதுக்கிவிட்டு
முந்திரி மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
சில நாள்
அப்படித்தான் படிக்கிறேன்.

பெங்களூர் ஆபீஸிலிருந்து மெயில்:
யார் கட்டினாலும் எப்போது கட்டினாலும்
ஒரு பிட் மாறாமல் ஒரே இமேஜ் வர வேண்டும்,
நேரத்தைப் பூட்டு,
கோடு கடைசியாக மாறிய நேரத்தை வை.
பார்த்தேன். ஒரு ஞாயிறு, மாலை நாலு பத்து.
அன்றைக்கு என்ன செய்தேன்?
துணி மடித்திருக்கலாம்.
வைத்தேன்.

பெர்க்மான்ஸ் போனில்
தன் நோட்டுப் புத்தகத்தை வாசித்தார்.
கரண்ட் போனது, வந்தது, எல்லாம் பென்சிலில் இருக்கிறது.
ஒன்பதாம் தேதி எண்பத்திரண்டு மில்லிமீட்டர்.
பதினொன்றில் வெறும் தூறல்.
மழையை அதனதன் நாளுக்குத் திருப்பி அனுப்பினோம்.
நாலு மில்லிமீட்டருக்கு மட்டும் நாள் கிடைக்கவில்லை.
"விட்டுடலாமா மேடம்?"
அது இருந்த இடத்திலேயே விட்டேன்.

ஐந்து ரோட்டில் காசு பேட்டரி வாங்கியாயிற்று.
சனிக்கிழமை மலையேற வேண்டும்.
நிறைமதியும் வருகிறாளாம்,
வளைவுகளை எண்ணுவாளாம்.
போன முறை ஒன்பதோடு தூங்கிவிட்டாள்.