மூன்றாவதாக நிற்கும் வண்டி

பெரியாஸ்பத்திரிக்கு முன்னால்
எங்கள் ஸ்ராண்டில் ஏழு ஓட்டோ.
முன்னுக்கு நிற்பவனிடம்தான் முதல் கேள்வி.
அவன் தலையாட்டிவிட்டால்
பின்னால் நிற்கும் ஆறு பேரையும்
ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

இதைத்தான் பன்னிரண்டாம் பாடம்
இஃப், எலிஃப், எல்ஸ் என்கிறது.
"எலியோ?" என்று சிரிக்கிறான் றெஜினோல்ட்,
கையில் பாதி றோல்ஸ்.

வெடித்த போன் திரையில்
கட்டணம் சொல்லும் புரோகிராம் எழுதுகிறேன்:
ஒரு கிலோமீற்றருக்கு மேல் என்றால் முந்நூறு
ஐந்துக்கு மேல் என்றால் எண்ணூறு
பத்துக்கு மேல் என்றால் ஆயிரத்து நானூறு
அல்லாவிட்டால் நூற்றைம்பது.
ஓட்டிப் பார்த்தேன்.
சாவகச்சேரிக்கு முந்நூறு ரூபாய் என்றது.
"அப்ப நானே உன்ர வண்டியில போறன்."

பிழை கணக்கில் இல்லை, வரிசையில்.
சாவகச்சேரியும்
ஒரு கிலோமீற்றருக்கு மேல்தானே.
முதல் வரி தலையாட்டிவிட்டது,
விடை தெரிந்த வரி
கீழே எஞ்சினை நிறுத்திவிட்டு நித்திரை.
பெரிய தூரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தேன்.

இன்னொன்று.
அந்த மொழியில் நிபந்தனை
வாசலிலேயே நிற்கிறது.
எங்களுடையதில் அது வினையின் வாலில் தொங்கும்.
மழை பெய்த் என்பது வரை நனைகிறோம்,
ஆல் வந்ததும் காய்ந்துவிடுகிறோம்.

பதின்மூன்றாம் பாடம்,
திரும்பத் திரும்பக் கேட்பது பற்றியதாம்,
இன்னும் திறக்கவில்லை.

இரவு பதினொன்றே கால்.
ஒரு பெண். கையில் எக்ஸ்ரே உறை,
தோளில் தூங்கும் பெடியன்.
முதல் வண்டிக்குள் குனிந்து ஏதோ கேட்டாள்.
பொய்.
இரண்டாவது வண்டியில்.
பொய்.
(பாடத்தில் இல்லை என்பதற்கு அதுதான் சொல்.
றெஜினோல்ட் பொய்யன் இல்லை,
அவனுக்கு லீசிங் காசு கட்டக் கிடக்கு.)

என்னிடம் வந்தாள்.
"கைதடி. காசு
இவன்ர தேப்பன் நாளைக்கு வந்தால்..."
ஆலோடு நின்றுவிட்டாள்.

பத்து தசம் இரண்டு கிலோமீற்றர்.
போன் ஆயிரத்து நானூறு என்றது.
இந்த முறை ஒரு பிழையும் இல்லை.

எனக்குப் பின்னால் நாலு வண்டி.
அவள் கண் ஏற்கெனவே
அடுத்ததைப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

"வராட்டிலும் ஏறுங்கோ" என்றேன்.

அந்த உம்முக்கு
பன்னிரண்டாம் பாடத்தில்
எங்கும் சொல் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.
பெரிய மனசு ஒன்றும் கிடையாது,
வழியில் பெற்றோல் ஊசியைப்
பார்த்துக்கொண்டே போனேன்.

நாவற்குழிப் பாலத்தில் உப்புக்காற்று.
பெடியன் எழும்பி
"வந்திட்டமோ?" என்றான்.
இன்னும் இல்லை.
கொஞ்சத்தூரம் போனதும்
"வந்திட்டமோ?"
இன்னும் இல்லை.
"வந்திட்டமோ?"