செக்கிங்

விடியப்புறம் மூன்று நாற்பது.
தலையணைக்குக் கீழே கைவிட்டு
அந்தச் சின்னக் கிளிப்பை எடுக்கிறேன்.
குணேஸ்வரிக்குக் கேட்காமல் திறக்கப் பழகிவிட்டேன்,
ஒரு காலம் சாராயப் போத்தல் திறந்த கை இது.

நடுவிரலைக் கவ்வுகிறது.
முதலில் இரண்டு கோடு. பிறகும் இரண்டு கோடு.
அந்த இரண்டு கோட்டுக்குள்
எத்தனை தரம் செத்துப் பிழைக்கிறது.
தொண்ணூற்றொன்று.
தொண்ணூறு.
தொண்ணூற்றொன்று.
மிதிபலகையில் நிற்கிறவன்
ஏறுவதா இறங்குவதா என்று
காலைத் தூக்கித் தூக்கி வைப்பதுபோல.

முப்பத்தொரு வருடம் கொண்டக்டர்.
பருத்தித்துறை வீதியில் எனக்குத் தெரியாத குழியில்லை.
"பின்னுக்குப் போங்கோ, உள்ளுக்கு இடம் கிடக்கு"
என்று கத்தின தொண்டை.
உள்ளுக்கு இடமில்லை என்கிறார் இப்போது டொக்டர்.
படத்தை வெளிச்சத்தில் பிடித்து
தேங்காய்ப் பொச்சுபோல வெள்ளை படர்ந்த கீழ்ப்பக்கத்தைப்
பேனையால் வட்டம் போட்டுக் காட்டினார்.
புழுதியோ, டீசல் புகையோ, பிறப்போ,
காரணம் சொல்ல ஏலாதாம்.
"எண்பத்தெட்டுக்குக் கீழே போனால் வாங்கோ.
காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா பார்த்தால் போதும்."

ஒருக்கா, ஒருக்கா.
நேற்று நான் பார்த்தது முப்பத்தேழு தரம்.
எழுதி வைக்கிறேன், அதனால் தெரியும்,
ரிக்கற் கணக்கு எழுதின அதே பழக்கத்தில்
நேரம், இடம், தொகை.
கிணற்றடி, தொண்ணூற்றிரண்டு.
குளித்த பிறகு, எண்பத்தொன்பது.
செய்தி கேட்கையில், தொண்ணூறு.
மருமகன் ரெலிபோனில் காசு கேட்டபோது
பார்க்கவில்லை.

கணக்கு ஒருநாளும் பிசகாதவன் நான்.
என்றாலும் கொப்பியோடு செக்கிங் ஏறினால்
கைக்குள் சில்லறை வியர்க்கும்.
களவெடுக்காதவனுக்கும் நெஞ்சிடிக்கும்.
இப்போது செக்கிங்காய் ஏறுகிறவனும் நான்,
ரிக்கற் இல்லாமல் பின்சீற்றில் ஒளிகிறவனும் நான்.

போன கிழமை அவளுடைய விரலில் போட்டுப் பார்த்தேன்.
தொண்ணூற்றொன்பது.
உளுந்து கழுவின ஈர விரலில், உடனடியாக.
ஒரே வகுப்பில் இருந்தவள்
என்னைவிடப் பத்துப் புள்ளி கூட எடுத்ததுபோல
அன்று பின்னேரம் வரை அவளோடு கதைக்கவில்லை.
பாவம், எதற்கென்று இன்னும் அவளுக்குத் தெரியாது.

இப்போது எண்பத்துநான்கு.

ஆஸ்பத்திரிக்கு எந்தச் சாரம், எந்த பாக்,
ஓட்டோ நிமலரூபனின் நம்பர் எங்கே,
பென்சன் புத்தகம் அவளுக்குத் தெரிகிற இடத்தில்தானா,
யோசிக்க யோசிக்க மூச்சு
எட்டி எட்டிப் போகிறது.
மார்கழிக் குளிர், விரல் ஐஸ்பழம்.
தொடைக்கு நடுவே வைத்துத் தேய்க்கிறேன்.
எண்பத்தாறு.
தேய்க்கிறேன்.
தொண்ணூறு.
முதல் இலக்கம் பொய்யா,
இந்த இலக்கம் பொய்யா?

அப்போதுதான் கரண்ட் போனது.
நுளம்புக்குப் போட்ட விசிறி
சுற்றிச் சுற்றிக் களைத்து நின்றது.
இருட்டில் என் விரல் மட்டும்
உள்ளிருந்து சிவந்து எரிந்தது.
"முழிச்சோ கிடக்கிறியள்?"
ஏச்சு வரும் என்று பார்த்தேன்.
"உந்த விரலை இங்காலை பிடியுங்கோ,
நெருப்புப் பெட்டியைக் காணேல்லை."

பிடித்தேன்.
மருந்துப் போத்தல், அவளுடைய கண்ணாடி,
போன வருசக் கலண்டர்,
கிட்டப் போகப் போக ஒவ்வொன்றாய்ச் சிவந்து வந்தன.
அலுமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது பெட்டி.
குனிந்தேன், எடுத்தேன், இழுத்தது.
விளக்கைக் கொளுத்திவிட்டு அவள் கேட்டாள்:
"எவ்வளவு?"

பார்க்க மறந்துபோனேன்.
கிளிப் தானாக அணைந்திருந்தது.

வெளியே டிப்போவிலிருந்து முதல் பஸ்
ஒருத்தரையும் ஏற்றாமல் கியர் மாற்றிப் போகிறது.
அவள் தேத்தண்ணிக்குக் கேத்தில் வைக்கிறாள்.
அது கொதிக்க முன்னம் இன்னொருக்கால் பார்ப்பேன்,
எனக்குத் தெரியும்.
அவளுக்கும் தெரியும்.
கிளிப்பை எடுத்துக்கொண்டுபோய்ச்
சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில்
எனக்கு எட்டுகிற தட்டில்தான் வைக்கிறாள்.